வைரம் மலிந்துபோனால் சர்வர் காலி! ஆன்லைன் கேமுக்குள் ஒரு சந்தைக் கதை

தீர்த்தமலைக்குப் படியேறிப் போனவர்களுக்குத் தெரியும். பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் விழுந்துகொண்டே இருக்கும். விழுகிற தண்ணீர் மலைச்சரிவில் வழிந்து போய்விடுவதால் பிரச்னை இல்லை. வழியே இல்லாமல் தேங்கியிருந்தால்?

ஆன்லைன் கேம் சர்வர் நடத்துகிறவர்களின் தலைவலி கிட்டத்தட்ட இதுதான். கேமுக்குள் காசு ஊறும் இடத்தைக் 'குழாய்' என்றும், காசு கரைந்து போகும் இடத்தை 'வடிகால்' என்றும் அந்தத் துறையில் சொல்வார்கள். குழாய் வைப்பது சுலபம். வடிகால் வைத்தால்தான் ஆட்டக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை மைன்கிராஃப்ட் ஆடுகிறதா? நண்பர்களோடு சர்வர் போட்டு, கடை திறந்து, வைரத்தைக் காசாக வைத்து வியாபாரம் செய்கிற கூட்டம் அதில் உண்டு. இரும்பு கொண்டுவந்தால் இன்ன விலை என்று சர்வரே வாங்கிக்கொள்ளும் கடையும் சில இடங்களில் இருக்கும். ஒரு கெட்டிக்காரப் பையன் தானாக இரும்பு விளையும் பண்ணையைக் கட்டி ராத்திரி முழுக்க ஓடவிடுவான். விடிந்தால் கோடீஸ்வரன்! மற்றவர்களும் கட்டுவார்கள். கையில் காசு குவியக் குவிய, நல்ல வாளின் விலை எகிறும். நேற்று சேர்ந்த புதுப் பையனால் அதைத் தொடவே முடியாது. நாலு நாள் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவான். சர்வர் காலியாவது இப்படித்தான்.

பாலக்கோடு மார்க்கெட்டிலும் தக்காளி வரத்து கூடினால் விலை சரியும். ஆனால் தக்காளி நாலு நாளில் அழுகிவிடும். கேம் வைரம் அழுகாது. பெட்டியில் எத்தனை வருடமும் கிடக்கும்.

1997-ல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' இதை வேறு விதமாகக் கற்றுக்கொண்டது. உலகில் உள்ள மொத்தப் பொருளுக்கும் ஓர் அளவு வைத்தார்கள். பயன்படுத்தியது திரும்ப வந்து சேரும் என்பது கணக்கு. ஆட்டக்காரர்களோ எதையும் விடாமல் வீட்டில் பதுக்கினார்கள். வெளியே புதிதாக எதுவும் முளைக்கவில்லை. கடைசியில் அந்த ஏற்பாட்டையே கைவிட வேண்டியதாயிற்று.

ஐஸ்லாந்தின் சி.சி.பி. நிறுவனம் நடத்தும் 'ஈவ் ஆன்லைன்' கதைதான் இதில் சுவாரஸ்யம். 2003-ல் தொடங்கிய இந்த விண்வெளி கேமில் தாது தோண்டுவது, கப்பல் கட்டுவது, விலை வைப்பது எல்லாம் பெரும்பாலும் ஆட்டக்காரர்கள்தான். 2007-ல் எயோல்ஃபர் குட்மன்ட்சன் என்ற பொருளாதார நிபுணரையே வேலைக்கு வைத்தார்கள். விலைவாசி அறிக்கை போடுவதற்கு!

அங்கே பெரிய வடிகால் போர். அழிந்த கப்பல் அழிந்ததுதான், திரும்ப வராது. 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி தன் பகுதிக்கான கட்டணத்தைக் கட்டத் தவற, எதிரிகள் புகுந்துவிட்டார்கள். சுமார் 21 மணி நேரச் சண்டையில் 'டைட்டன்' எனப்படும் ராட்சதக் கப்பல்கள் மட்டும் 75 நொறுங்கின. மொத்த இழப்பு, நிஜப் பண மதிப்பில் 3 லட்சம் டாலர் வரை என்று கணக்கிட்டார்கள். பில் கட்ட மறந்ததற்கு இது கொஞ்சம் அதிகம்தான்! ஆனால் இப்படி அழிந்தால்தானே அடுத்த நாள் தாது தோண்டுகிறவனுக்குப் பிழைப்பு ஓடும்?

நிஜப் பணத்தை நேரடியாக உள்ளே விட்டால் என்ன ஆகும்? 'டயாப்லோ 3' 2012-ல் அப்படி ஓர் ஏலக்கடை திறந்தது. அரக்கனை அடித்து வாள் ஜெயிப்பதைவிட, காசு கொடுத்து வாங்குவது சுலபமாகிவிட்டது. அப்புறம் அரக்கனை எதற்கு அடிக்க வேண்டும்? 2014 மார்ச் 18-ல் கடையை மூடினார்கள்.

கள்ள நோட்டும் உண்டு. மென்பொருள் ஓட்டையைப் பிடித்து ஒரு தங்கத்தை இரண்டாக்குவது. 2021 நவம்பரில் அமேசானின் 'நியூ வேர்ல்ட்' கேமில் இது கிளம்பியதும், ஆட்டக்காரர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் மொத்தத்தையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டார்கள். ஒழுங்காக ஆடியவர்களுக்கும் சேர்த்துத்தான் பூட்டு.

'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' அதே வருடம் டிசம்பரில் வேறு வழிக்குப் போனது. சந்தையில் விற்கும் பொருளுக்கு அப்போது 1 சதவிகித வரி போட்டார்கள். வசூலான தங்கத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, சந்தையில் மலிந்து கிடக்கும் பொருட்களை கேமே வாங்கும். வாங்கி, அழித்துவிடும்.