செஞ்சிக் கோட்டை சொல்லித் தரும் இங்கிலீஷ்

"பரீட்சையில் பையன் கோட்டை விட்டுவிட்டான்" என்று நம் வீடுகளில் சொல்வது உண்டு.

தமிழ் கற்க வரும் வெள்ளைக்காரர் ஒருவர் இதைக் கேட்டால் திகைத்துப் போவார். "பையனுக்கு ஏது கோட்டை? அதை ஏன் விட்டான்?" என்று விழிப்பார். அகராதியைப் புரட்டுவார். அதில் "கோட்டை" இருக்கும். "விடு" என்பதும் இருக்கும். இரண்டையும் கூட்டிப் பார்த்தாலும் பொருள் கிடைக்காது!

நமக்கோ கேட்டவுடன் விளங்கிவிடுகிறது. கைக்கு எட்டியதைக் கவனக்குறைவால் இழந்துவிட்டான் என்பதே பொருள்.

இங்கிலீஷிலும் இப்படிப்பட்ட தொடர்கள் ஏராளம். "கிவ்" என்றால் கொடு. "அப்" என்றால் மேலே. ஆனால் "கிவ் அப்" என்றால் "மேலே கொடு" அல்ல. "கைவிடு" என்று பொருள். இலக்கணம் நன்றாகப் படித்தவர்கள்கூட இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

வேலை போய்விடும்!

தடுமாற்றம் சில சமயம் பெரிய நஷ்டத்தில் முடியும்.

வேலைக்கு மனுப் போட்ட ஒருவருக்கு, இண்டர்வியூ "புட் ஆஃப்" ஆகிவிட்டது என்று கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "புட் ஆஃப்" என்றால் தள்ளிவைப்பது. "கால் ஆஃப்" என்றால் அடியோடு ரத்து செய்வது. ஒன்றை மற்றொன்றாக நினைத்தால், இண்டர்வியூ நடக்கும் நாளில் அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். வேலை வேறு ஒருவருக்குப் போய்விடும். இதுவும் கோட்டை விடுவதுதான்!

இந்தத் தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் நாலு நாளில் மறந்து போகும். ஒரு கதையோடு சேர்த்துப் படித்தால் மறக்காது. அதற்கு ஏற்ற கதை நம் செஞ்சியிலேயே இருக்கிறது.

எட்டு ஆண்டு முற்றுகை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதில் சுவர் இணைக்கிறது. ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி.

சிவாஜி 1677-ல் இந்தக் கோட்டையைப் பிடித்தார். பிறகு அவருடைய மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கினார். 1690-ல் மொகலாயப் படை கோட்டையை வளைத்தது. தளபதி சுல்பிகார்கான். கோட்டை எட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. இப்படித் தாக்குப்பிடிப்பதுதான் "ஹோல்ட் அவுட்".

ராஜாராம் தப்பிச் சென்றார். அது "கெட் அவே". 1698-ல் கோட்டை மொகலாயர் வசமானது. அது "டேக் ஓவர்". புதிய மானேஜர் பொறுப்பை ஏற்பதையும் இன்று இப்படித்தான் சொல்கிறார்கள்.

பணியாத ராஜன்

தேசிங்கு ராஜன் கதை தெரியாதவர் உண்டா? ஆற்காட்டு நவாபின் பெரும் படையை அவன் சிறு படையோடு எதிர்த்தான். 1714-ல் போர்க்களத்தில் உயிர் விட்டான். ஆனால் பணியவில்லை.

பணிந்து போவது "கிவ் இன்". முயற்சியைக் கைவிடுவது "கிவ் அப்". தேசிங்கு ராஜன் இரண்டையும் செய்யவில்லை!

1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் இரவோடு இரவாகக் கோட்டைக்குள் புகுந்தார்கள். தலைமை தாங்கியவர் புஸ்ஸி. உடைத்துக்கொண்டு உள்ளே நுழைவது "பிரேக் இன்". திருடன் பூட்டை உடைத்து வீட்டுக்குள் நுழைவதும் "பிரேக் இன்"தான்.

1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. சில மாதங்களில் செஞ்சியையும் பிரெஞ்சுக்காரர்கள் ஒப்படைத்தார்கள். ஒப்படைப்பது "ஹாண்ட் ஓவர்". கடைச் சாவியை முதலாளியிடம் கொடுப்பதும் இதே சொல்தான்.

மரக் குதிரை

செஞ்சிக்கு ஆங்கிலேயர் வைத்த பட்டப்பெயர் "கிழக்கு நாட்டு ட்ராய்". கிரேக்கக் கதையில் வரும் ட்ராய் நகரம் பத்து ஆண்டு முற்றுகையைத் தாங்கியது. கடைசியில், வயிற்றுக்குள் வீரர்கள் ஒளிந்திருந்த ஒரு மரக் குதிரையால் அழிந்தது. அதனால், நல்லதுபோல் உள்ளே வந்து நாசம் செய்வதை "ட்ரோஜன் ஹார்ஸ்" என்கிறார்கள். நல்ல நிரல்போல் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து கெடுதல் செய்யும் நிரலுக்கும் "ட்ரோஜன்" என்றே பெயர்.

ஒற்றுமையும் உண்டு, ஏமாற்றமும் உண்டு

நாம் மனக்கோட்டை கட்டுகிறோம். இங்கிலீஷ்காரரும் காற்றில் கோட்டை கட்டுகிறார்! "காசில்ஸ் இன் தி ஏர்" என்பது அதுதான்.

ஆனால் எல்லாம் இப்படிப் பொருந்தாது. "புல் மை லெக்" என்பது காலை வாரிவிடுவது போலத் தோன்றும். நம் வழக்கில் காலை வாரிவிடுவது துரோகம். அவர்கள் வழக்கில் அது வெறும் கேலி. சிரிக்க வேண்டிய இடத்தில் கோபித்துக்கொண்டால் நட்பு கெட்டுவிடும்.

பயம் வேண்டாம்

"குழந்தையைப் பார்" என்பது வேறு. "குழந்தையைப் பார்த்துக்கொள்" என்பது வேறு. படிக்காத பாட்டிக்கும் இந்த வேறுபாடு தெரியும். இங்கிலீஷில் "லுக் அட்" என்றால் பார். "லுக் ஆஃப்டர்" என்றால் பார்த்துக்கொள். "லுக் ஃபார்" என்றால் தேடு. நாம் தமிழில் தினமும் செய்வதைத்தான் அவர்களும் செய்கிறார்கள். ஆகவே இங்கிலீஷ் நமக்கு வராது என்று ஒதுங்க வேண்டியதில்லை.

இரண்டு சொல்லையும் பிரித்துப் பொருள் தேடக் கூடாது. ஒரே சொல்லாக நினைக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நாளுக்கு ஒரு தொடர் போதும். பக்கத்தில் பொருளை மட்டும் எழுதாமல், உங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். சாப்பிடும்போது அதைப் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள். ஓர் ஆண்டில் 365 தொடர்கள் உங்கள் கைவசம்!

செஞ்சிக் கோட்டை 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் தொடர்புடைய 12 கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். ராஜகிரிப் படிகளில் பாதி ஏறியதும் கால் வலிக்கும். "போதும், திரும்பிவிடலாம்" என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

அப்போது "கிவ் அப்" என்றால் என்னவென்று கேளுங்கள். பதில் சொல்லிவிட்டு, அவர்களே மேலே ஏறுவார்கள்!