பித்தென்று சொன்னார்கள், பூட்டி வைத்தார்கள்!

ஒரு பழைய பைத்தியக்கார ஆஸ்பத்திரி. உயர்ந்த மதில், இரும்புக் கதவு, நீண்ட தாழ்வாரம். எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணை அதற்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். இன்று வேறொரு பெண் அந்தக் கதவைத் தட்டுகிறாள். "உள்ளே போனவள் யார்? எதற்காகப் போனாள்?" என்று கேட்கிறாள்.

இந்தச் சிறு விதையிலிருந்து முளைத்த நாவல்கள் ஆங்கிலத்தில் பல உண்டு. ஓர் அத்தியாயம் அந்தக் காலத்தில் நடக்கும். அடுத்த அத்தியாயம் இந்தக் காலத்தில் நடக்கும். தறியில் ஓடும் நாடாபோலக் கதை இங்கும் அங்கும் போய் வரும். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

திருவண்ணாமலை வாசகருக்கோ இந்த நாவல்களில் மற்ற ஊர்க்காரருக்குக் கிடைக்காத ருசி ஒன்றும் உண்டு. "இவர் பித்தரா, பெரியவரா?" என்ற கேள்வியை நாற்பது ஆண்டுகள் தன் தெருவிலேயே வைத்துப் பார்த்த ஊர் அல்லவா அது! அந்தக் கதை பின்னால் வருகிறது. முதலில் இரண்டு நாவல்களைப் பார்க்கலாம்.

அக்காள் மறைத்த தங்கை

மேகி ஓ'ஃபாரல் என்ற ஆசிரியை 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட நாவல் 'எஸ்மி லெனாக்ஸ் மறைந்த விந்தை' என்று தமிழில் சொல்லத்தக்க பெயருடையது. கதை நடப்பது ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில். பழைய காலத்து உடுப்புகளை விற்கும் கடை வைத்திருக்கும் ஐரிஸ் என்ற பெண்ணுக்கு ஒரு நாள் தகவல் வருகிறது. ஊரிலுள்ள பழைய மனநோய் விடுதியை மூடப்போகிறார்கள். அங்கே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் எஸ்மி என்ற கிழவிக்கு இனி நீதான் பொறுப்பு என்று!

ஐரிஸுக்குத் தலை சுற்றுகிறது. எஸ்மி அவளுடைய பாட்டியின் தங்கையாம். பாட்டியோ, தான் வீட்டுக்கு ஒரே பெண் என்றே ஆயுள் முழுவதும் சொல்லி வந்தவள். பாட்டியைக் கேட்கலாம் என்றால், அவளுக்கு இப்போது மறதி நோய். நினைவு துண்டு துண்டாகத்தான் வருகிறது.

எஸ்மி இந்தியாவில் வளர்ந்தவள் என்பது நம் வாசகர் கவனிக்க வேண்டிய செய்தி. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் இங்கே பிள்ளைப் பருவத்தைக் கழித்தாள். குழந்தைத் தம்பியை டைபாய்டு சுரத்துக்குப் பறிகொடுத்தாள். பிறகு குடும்பத்தோடு கப்பலேறினாள். அந்தத் துயரத்தை அவள் வாய்விட்டுப் பேசவும் பெரியவர்கள் விடவில்லை. பதினாறு வயதில் அவளை விடுதியில் சேர்த்தார்கள். அவள்மேல் சொன்ன குற்றங்கள் என்ன? தலைமயிரை வெட்டிக்கொள்ள மறுத்தாள். தாயின் உடையை உடுத்திக் கண்ணாடி முன் ஆடினாள்! முடிவை இங்கே சொல்லிவிட்டால் ஆசிரியைக்கும் அநியாயம், வாசகருக்கும் அநியாயம்.

பரணில் கிடந்த பெட்டிகள்

இரண்டாவது நாவலுக்குப் பின்னால் உண்மைச் சம்பவம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், செனிகா ஏரிக்கரையில், வில்லார்டு என்ற ஆஸ்பத்திரி 1869-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1995-ஆம் ஆண்டு அதை மூடினார்கள். கட்டடத்தை ஒழிக்கும்போது பரணைத் திறந்தால், அங்கே 400-க்கும் மேற்பட்ட பெட்டிகள்! நோயாளிகள் வந்த நாளில் கொண்டுவந்த பெட்டிகள் அவை. "குணமாகி வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம்" என்று வாங்கி வைத்தவை. துணிமணி, கடிதம், புகைப்படம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வாழ்க்கை அடங்கிக் கிடந்தது. அவற்றில் பலவற்றுக்கு உரியவர்கள் திரும்பவே இல்லை.

இதை வைத்து எல்லன் மேரி வைஸ்மன் என்ற ஆசிரியை ஒரு நாவல் எழுதினார். 'அவள் விட்டுச் சென்றது' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 1995-இல் பதினேழு வயதுப் பெண் ஒருத்திக்கு அந்தப் பெட்டிகளில் ஒரு நாட்குறிப்பு கிடைக்கிறது. அதை எழுதியவள் கிளாரா. 1929-இல் அவளுக்கு வயது பதினெட்டு. தகப்பனார் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழை வாலிபனை விரும்பினாள். அதுதான் அவளுடைய 'நோய்'! தகப்பனார் அவளை முதலில் பணக்காரர் விடுதிக்கு அனுப்பினார். அந்த ஆண்டு பங்குச் சந்தை சரிந்து அவர் பணம் போனதும், அவள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"மாட்டேன்" என்று சொன்ன பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்த கதைகளை அறிந்தவர்களுக்குக் கிளாராவின் கதை அந்நியமாகத் தோன்றாது. இந்தக் காலத்துப் பகுதி பள்ளிக்கூடச் சச்சரவுகளில் சற்று நீளுகிறது. கிளாராவின் பகுதி அந்தக் குறையை ஈடு செய்துவிடுகிறது.

ருசி எதில் இருக்கிறது?

இத்தகைய நாவலை அனுபவிக்க விரும்புவோர் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம்.

முதலாவது, இரண்டு காலத்தையும் இணைக்கும் பொருள். அது பெட்டியாக இருக்கலாம், நாட்குறிப்பாக இருக்கலாம், ஒரு சட்டையாகவும் இருக்கலாம். அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் கதையின் முடிச்சு தானாகப் பிடிபடும்.

இரண்டாவது, வாசகருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது என்பது. "அடுத்த வாரம் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள்" என்று பழைய காலத்துப் பெண் நம்புகிறாள். அவள் போகவே இல்லை என்பதை வாசகர் முன் அத்தியாயத்திலேயே படித்துவிட்டார். பதைபதைப்பு அங்கேதான் பிறக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதியவர் ஒருவர், எழுதப்பட்டவர் வேறொருவர். "ஓயாமல் அழுகிறாள்" என்று ஏட்டில் இருக்கும். ஏன் அழுகிறாள் என்பது இருக்காது. அந்த விடுபட்ட வரியைக் கற்பனையால் நிரப்புவதே நாவலாசிரியரின் வேலை. வைத்தியர் எல்லாரும் கொடியவர் என்று எழுதும் நாவல்களும் உண்டு. அவை தரத்தில் ஒரு படி கீழே. மருந்து அதிகம் இல்லாத காலத்திலும் நோயாளிகளுக்கு நல்ல மனத்தோடு உழைத்தவர்கள் இருந்தார்கள்.

சென்னையிலும் ஒரு மதில்

நம் மாநிலத்திலும் இத்தகைய பழைய கட்டடத்துக்குக் குறைவில்லை. சென்னையில் 1794-ஆம் ஆண்டிலேயே வாலண்டைன் கானலி என்ற சர்ஜன் மனநோயாளிகளுக்கு ஒரு விடுதி தொடங்கினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் 'லோகாக் தோட்டம்' என்ற இடத்தில் புதிய ஆஸ்பத்திரி திறந்தது. 1922-இல் அது அரசு மனநோய் ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்றது. 1978-இல் மனநல நிலையம் ஆயிற்று. பெயர் எத்தனை முறை மாறினாலும், "உன்னைக் கீழ்ப்பாக்கத்தில் சேர்க்க வேண்டும்" என்ற கேலி மட்டும் தமிழர் நாவில் நிலைத்துவிட்டது.

அந்த மதிலுக்குள் ஆட்கள் எப்படிப் போனார்கள்? 1858-ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பின் வந்த 1912-ஆம் ஆண்டுச் சட்டமும், பித்தர் என்று தோன்றும் ஆள் தெருவில் திரிந்தால் பிடிக்கப் போலீசாருக்கு அதிகாரம் தந்தன. மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். அவர் உத்தரவிட்டால் ஆஸ்பத்திரி.

அருணையில் நடந்தது

இந்தச் சட்டங்கள் அமலில் இருந்த காலத்தில்தான் திருவண்ணாமலைத் தெருக்களில் ஒருவர் திரிந்துகொண்டிருந்தார். அழுக்கு வேட்டி, பரட்டைத் தலை. திடீரென்று கடைக்குள் நுழைவார், சாமான்களை வாரித் தெருவில் இறைப்பார், ஒருவரைக் கட்டிக்கொள்வார், இன்னொருவரைத் திட்டுவார். அவர்தான் சேஷாத்திரி சுவாமிகள். 1870-இல் பிறந்த அவர், 1889-இல் இந்த ஊருக்கு வந்து, 1929-ஆம் ஆண்டு ஜனவரியில் மறையும்வரை இங்கேயே இருந்தார்.

பலர் அவரைப் பித்தர் என்றார்கள். காஞ்சிபுரத்தில் இருந்தபோது உறவினரே அவரை ஓர் அறையில் வைத்துப் பூட்டியதாக வரலாறு சொல்வோர் கூறுவர். ஆனால் அருணை வியாபாரிகள் கதவைச் சாத்தவில்லை. "சுவாமி என் கடையில் கை வைக்கமாட்டாரா?" என்று காத்திருந்தார்கள். அவர் கை பட்டால் அன்று வியாபாரம் கொழிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

1896-இல் இந்த ஊருக்கு வந்த பதினாறு வயது வேங்கடராமனும், பிற்காலத்து ரமண மகரிஷி, பேச்சு மூச்சின்றிப் பாதாள லிங்கக் குகையில் உட்கார்ந்திருந்தார். பூச்சி கடித்துத் தொடை புண்ணானது. பையன்கள் கல் எறிந்தார்கள். அவர்களை விரட்டிக் காத்தவர் சேஷாத்திரி சுவாமிகளே. ஏட்டில் எழுதியிருந்தால் இருவர் பெயருக்கும் எதிரே என்ன நோய் எழுதியிருப்பார்கள்? இறைவனையே 'பித்தன்' என்று அழைத்த சுந்தரர் பிறந்த நாட்டில், அந்த ஏடு எழுதப்படவில்லை.

இதில் பெருமைப்படலாம். ஆனால் அதோடு நின்றுவிட முடியாது. சேஷாத்திரி சுவாமிகள் வேதம் படித்த குடும்பத்தவர்; ஆண்மகன். அதே தெருவில் ஊர் பேர் தெரியாத ஒரு பெண் கடைச் சாமானை இறைத்திருந்தால்? அவளை அம்மன் என்று கும்பிட்டிருப்பார்களா, கல்லால் அடித்திருப்பார்களா? எஸ்மியும் கிளாராவும் கேட்கும் கேள்வி இதுவே.

இன்னொரு பக்கமும் உண்டு. நோயுற்றவரைச் சாமியார் என்று சொல்லித் தெருவில் விட்டுவிடுவது கருணை ஆகாது. கோயில் வாசலில் கட்டிப்போடுவதும் வைத்தியம் ஆகாது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதிக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டுண்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டார்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்திருக்கிறது. தெருவில் திரியும் நோயாளியைப் போலீசார் 'கைது' செய்வது என்ற பழைய சொல் போய், 'பாதுகாப்பில் எடுப்பது' என்ற சொல் வந்திருக்கிறது. அவரை லாக்கப்பில் வைக்கவும் கூடாது.

கிரிவலப் பாதையின் பதினான்கு கிலோமீட்டரில், தனக்குத்தானே பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைக் காணாமல் யாரும் நடந்து முடிப்பதில்லை. சிலர் அவரைக் கும்பிடுவார்கள். சிலர் காசு போடுவார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் பெயர் என்ன, எந்த ஊர், வீட்டில் யார் தேடுகிறார்கள் என்று கேட்பவர் குறைவு. நல்ல நாவல் ஒன்றைப் படித்து முடித்தவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு வருமானால், புத்தகத்துக்குக் கொடுத்த விலை வீண்போகவில்லை.