உர மூட்டைக்குள் ஓர் உலக வரைபடம்

மாணவர்களே, கேமரன் மலையின் கம்போங் ராஜா பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: ஒரு சரிவில் தேயிலை, அடுத்த சரிவில் முட்டைகோஸும் தக்காளியும். இவற்றுக்கான மழையும் வெயிலும் நம் வானத்திலிருந்தே கிடைக்கின்றன. ஆனால் உரத்தின் விலையை யார் முடிவு செய்கிறார்கள்? பல வேளைகளில், கேமரன் மலையின் பெயரையே கேள்விப்படாதவர்கள்! அது எப்படி என்று பார்ப்போம்.

கொழுந்தோடு போகும் சத்து

காட்டில் உதிரும் இலை அங்கேயே மக்கி, தான் எடுத்த சத்தை மண்ணுக்கே திருப்பித் தருகிறது. தோட்டத்தில் பறித்த கொழுந்து ஆலைக்குப் போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. 100 கிலோ தேயிலைத்தூளில் ஏறக்குறைய 4 கிலோ நைட்ரஜனும் 2 கிலோ பொட்டாசியமும் சிறிதளவு பாஸ்பரசும் இருக்கும். மலைச்சரிவில் மழைநீர் அரித்துச் செல்வது தனிக் கணக்கு. இந்த இழப்பை ஈடுகட்டத்தான் உரம் இடுகிறார்கள்.

காற்றில் உண்டு, செடிக்கு எட்டாது

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால், தேயிலைச் செடியால் அதை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. 1909-இல் ஜெர்மானிய வேதியியலாளர் பிரிட்ஸ் ஹேபர், அதிக அழுத்தத்திலும் வெப்பத்திலும் வினையூக்கியின் உதவியுடன் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா தயாரித்துக் காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். 1913-இல் முதல் ஆலை இயங்கியது. யூரியா இந்த அம்மோனியாவிலிருந்துதான் வருகிறது.

தேவையான ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து பெறப்படுகிறது. ஆகவே எரிவாயு விலை ஏறினால் யூரியா விலையும் ஏறும். மலேசியாவில் எரிவாயு உண்டு. பிந்துலு, குருண், சிப்பித்தாங் ஆகிய இடங்களில் யூரியா ஆலைகளும் உண்டு. ஆனாலும் யூரியா விலை உலகச் சந்தையை ஒட்டியே நகர்கிறது. 2021-இல் ஐரோப்பாவில் எரிவாயு விலை எகிறியதால் பல ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. அதே ஆண்டு அக்டோபரில் சீனா தன் உர ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. ரஷ்யா உலகின் மிகப் பெரிய உர ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. 2020-இல் டன்னுக்கு 250 அமெரிக்க டாலருக்கும் குறைவாக இருந்த யூரியா, 2022 ஏப்ரலில் 900 டாலரைத் தாண்டியது.

பாறையிலிருந்து வரும் இரண்டு

பாஸ்பரசையும் பொட்டாசியத்தையும் காற்றிலிருந்து எடுக்க முடியாது. நிலத்தைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். உலகின் பாஸ்பேட் பாறை இருப்பில் ஏறக்குறைய 70 விழுக்காடு மொரோக்கோவிடமும், அது உரிமை கோரும் மேற்குச் சஹாராவிலும் உள்ளது. பொட்டாஷ், பழங்காலக் கடல்கள் வற்றியபோது படிந்த உப்பு. அதை அதிகம் தோண்டும் நாடுகள் கனடா, ரஷ்யா, பெலாருஸ். மலேசியாவுக்கு வேண்டிய பொட்டாஷ் கப்பலில்தான் வருகிறது. நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களுக்கும் அது ஏராளமாகத் தேவை.

பெலாருசுக்குக் கடற்கரை கிடையாது. அதன் பொட்டாஷ் ரயிலில் லித்துவேனியாவின் கிளைபேடா துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறியது. அமெரிக்காவின் பொருளாதாரத் தடையைத் தொடர்ந்து, 2022 பிப்ரவரி 1 முதல் லித்துவேனியா அந்தப் பாதையை மூடியது. அதே மாதம் போரும் தொடங்கியது. தேயிலையோ தக்காளியோ, இலைத்துளைகள் திறந்து மூடப் பொட்டாசியம் வேண்டும். வேறு எந்தத் தனிமமும் அந்த வேலையைச் செய்யாது.

இலங்கை தந்த பாடம்

உரம் திடீரென நின்றால் என்ன ஆகும்? இலங்கையில் அந்நியச் செலாவணி குறைந்திருந்த வேளையில், 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதித்தது. இனி முழுவதும் இயற்கை உரமே என்றது. விவசாயிகளின் எதிர்ப்பால் நவம்பரில் பின்வாங்கியது. ஆயினும் 2021-இல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022-இல் 251 மில்லியன் கிலோவாகச் சரிந்தது. எரிபொருள் தட்டுப்பாடும் இதற்கு ஒரு காரணம். உரப் பற்றாக்குறை முக்கியக் காரணம். கொழுந்து குறைந்தபோது அடிபட்டவர்கள், பறிக்கும் எடையோடு கூலி பிணைந்திருக்கும் மலையகத் தமிழ்த் தொழிலாளர்கள்.

இயற்கை உரம் கெட்டதா? இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. மக்கிய உரத்தில் 2 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அதே 23 கிலோவுக்கு 1,150 கிலோ உரம் வேண்டும். சில மாதங்களில் அவ்வளவையும் திரட்டி மலையேற்ற யாரால் முடியும்? மாற்றத்துக்குப் பல ஆண்டுத் தயாரிப்பு தேவை.

நம் கையில் இருப்பது

போரை நிறுத்த ஒரு தோட்டக்காரரால் முடியாது. ஆனால் உரம் வீணாவதைக் குறைக்கலாம். முதலில் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் பாஸ்பேட், இரும்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும். காசு மண்ணிலேயே புதைந்துவிடும். அடுத்து, உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல், கனமழைக்கு முன் இடுவதைத் தவிர்த்து, சிறுகச் சிறுகப் பிரித்து இடலாம். கவாத்து செய்த கிளைகளைத் தோட்டத்திலேயே மக்கவிடலாம். நன்கு மக்கிய கோழி எருவையும் சேர்த்துக்கொள்ளலாம். இப்படி மிச்சமாகும் ஒவ்வொரு கிலோவும், நாம் வெளிநாட்டை நம்ப வேண்டியிராத ஒரு கிலோ.

செய்து பாருங்கள்

ஓர் உர மூட்டையில் 15:15:15 என்று அச்சிட்டிருந்தால், அவை முறையே நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாஷ் விழுக்காடுகள். 50 கிலோ மூட்டையில் நைட்ரஜன் எத்தனை கிலோ? பிறகு உலக வரைபடத்தை விரித்து, இந்த மூன்றும் எந்தெந்த நாடுகளிலிருந்து வந்திருக்கலாம் என்று குறியுங்கள். எந்தக் கடல்வழி அடைபட்டால் எந்தச் சத்து தாமதமாகும் என்று வகுப்பில் பேசுங்கள்.