கார் நிற்கும் இடத்தில் திண்ணை இருந்தது

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920களில் வடித்து, மனை பிரித்து, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகரை எழுப்பினார்கள். ரயில் தடத்துக்குக் கிழக்கே அகலமான சாலைகளும் பனகல் பூங்காவும் வந்தன. மேற்கே மாம்பலம் தன் போக்கில் வளர்ந்தது. குறுகிய தெரு, திறந்த சாக்கடை, எருமை மாடு, பேட்டைக்கே பெயர் வாங்கித் தந்த கொசு. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், கோட்டைக்கும் பாரிமுனைக்கும் வேலைக்குப் போகிற குமாஸ்தாக்களுக்கு இது தோதான இடமாகிவிட்டது. அப்படி ஒரு குமாஸ்தா கட்டிய வீட்டின் பின்கட்டில்தான் நான் வளர்ந்தேன்.

இப்போது குடியிருப்பது பள்ளிக்கரணையைத் தாண்டி, ஐந்தாவது மாடியில். அதுவும் தண்ணீர் நின்ற நிலம்தான். முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் போட்ட குடியிருப்புக்குப் பெயரே ஏரித் திட்டம். ஏரிக்குள் குடிபோவது சென்னைக்காரர்களுக்குப் பரம்பரைப் பழக்கம்.

‘கனவு இல்லம்’ என்று ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் முழுப் பக்க விளம்பரம் வருகிறது. நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ். எனக்கும் ஒரு கனவு வீடு உண்டு. அதில் இவை எதுவும் கிடையாது. பழைய வீடு அப்படியே திரும்பி வர வேண்டும் என்கிற ஆசையும் கிடையாது. ஏன் என்று சொல்ல, முதலில் அந்த வீட்டுக்குள் போயாக வேண்டும்.

வாசலின் இரு புறமும் திண்ணை. சிவப்பு சிமெண்ட் பூசியது, ஒரு முனையில் சரிவாகச் சாய்மானம் வைத்துக் கட்டியது. அதில் யாரோ எப்போதோ ஆணியால் கீறி வைத்த ஆடுபுலிக் கட்டம். உள்ளே ரேழி, முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தைத் தடுத்துத் தடுத்துப் போர்ஷன்கள். மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் சன்னச் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரையால் பிடித்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து இறுக்கிய கூரை. மே மாத மத்தியானத்திலும் அதன் கீழே ஃபேன் இல்லாமல் தூங்கலாம்.

திண்ணை வீட்டுக்காரருடையது, ஆனால் உட்கார யாரும் அனுமதி கேட்டதில்லை. தபால்காரர் பையை இறக்கி வைத்துக் கடிதங்களைப் பிரிப்பார். கீரைக்காரம்மா கூடையை இறக்க ஒரு கை பிடிக்கச் சொல்வார். அயோத்தியா மண்டபத்தில் கச்சேரி கேட்கப் போகிற பெரியவர்கள் மூச்சு வாங்க உட்கார்ந்தால், கேட்காமலேயே ஒரு சொம்புத் தண்ணீர் வரும். பரீட்சைக்குப் படிக்கிற பையன்களுக்கு எதிரே இருந்த தெரு விளக்கு. பிள்ளைகள் தெருவில் விளையாடும்போது யாராவது ஒரு பெரியவர் கண்ணில் படாமல் இருந்ததில்லை. ‘கண்காணிப்பு’ என்று இன்றைக்குக் கேமரா வைத்துக் காசு வாங்குகிறார்கள்.

சரி, இத்தோடு நிறுத்திக்கொண்டால் அழகான கட்டுரை கிடைக்கும். உண்மை கிடைக்காது.

அந்த வீட்டில் அத்தனை குடித்தனத்துக்கும் கக்கூஸ் ஒன்று, குளிக்கும் அறை ஒன்று. ஒண்டுக் குடித்தனத்தில் விடியற்காலை என்பது வரிசையில் தொடங்கி வரிசையில் முடியும். ராத்திரி ஒன்பதரை அடித்தால் வீட்டுக்காரம்மா மெயினை அணைத்துவிடுவார். எங்கள் சண்டை பக்கத்துப் போர்ஷனுக்குக் கேட்கும், அவர்கள் சண்டை எங்களுக்கு. கல்யாணமான அண்ணனும் அண்ணியும் பேசிக்கொள்ள மொட்டை மாடிக்குப் போவார்கள். அங்கே ஏற்கெனவே இன்னொரு ஜோடி நின்றிருக்கும். திண்ணை என்று உருகுகிறோமே, ஆண்கள் ஆபீஸ் போன பிறகுதான் அது பெண்களுக்கு. கணவரை இழந்த என் பெரியம்மா ஒரு நாளும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ரேழிக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே தெருவைப் பார்த்துவிட்டுப் போவார். எங்களுக்கு அந்தப் போர்ஷன் கிடைத்ததே, அப்பா என்ன ஜாதி என்று வீட்டுக்காரர் விசாரித்துத் திருப்தியடைந்த பிறகுதான். விசாரணையில் தேறாதவர்கள் அந்தத் தெருவில் குடியிருக்கவில்லை. ஊர் ஒற்றுமை என்று நாம் நினைவு வைத்திருப்பதில் பாதி, ஒரே மாதிரி ஆட்களை மட்டும் உள்ளே விட்டதால் வந்தது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் மாம்பலத்தைச் சொல்ல முடியாது. எண்பதுகளில் வாசலுக்கு வாசல் அடி பம்பு. வாஷர் தேய்ந்துபோன பம்புக்கு முதலில் மேலே ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி, கைப்பிடியைப் படபடவென்று அடித்தால் ‘களக்’ என்று ஒரு சத்தம் வரும். பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். ஊற்றுவதற்கான அந்த ஒரு சொம்பை ராத்திரியே எடுத்து வைத்திருக்க வேண்டும். மறந்தவர்கள் அடுத்த வீட்டில் கடன் கேட்க வேண்டும். எவ்வளவு பகை இருந்தாலும் அந்தச் சொம்பை யாரும் மறுத்ததில்லை.

இப்போதைய வீட்டில் சமையலறைக் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. எங்கிருந்து என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. போர் தண்ணீர், லாரித் தண்ணீர், குடிக்க இருபது லிட்டர் கேன். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தபோதுதான் எங்கள் குடியிருப்பில் பலரும் சம்ப் எங்கே இருக்கிறது என்றே பார்த்தார்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பிரச்சினை நேர்மாறு. தரைத்தளத்துக் கார்கள் மூழ்கின, மின்சாரம் போனது, மேலே இருந்த நாங்கள் பால்கனியிலிருந்து கயிற்றில் பால் பாக்கெட் இழுத்தோம். தப்பு தண்ணீர் மேல் இல்லை. அது தன் வீட்டுக்கு வந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் மிஞ்சியிருக்கும் சுமார் 1,248 ஹெக்டேர் 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. அதற்கு முன்பே அதன் ஓரங்களைக் குப்பைமேடும் கட்டடங்களும் தின்று தீர்த்துவிட்டன. தின்றதில் என் வீடும் உண்டு.

ஆனாலும் இந்த வீட்டை நான் குறைத்துப் பேசமாட்டேன். எனக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்கிறது. என் மகள் ராத்திரி இரண்டு மணி வரை விளக்கு எரியப் படித்தாள். யாரும் மெயினை அணைக்கவில்லை. குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர் ஒரு பெண். கணவர் இல்லாதவர்கள் காலையில் டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு சிரித்தபடி நடக்கிறார்கள். என் பெரியம்மாவுக்கு இது கிடைத்திருந்தால் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார் என்று தோன்றும்.

குறை வீட்டுக்குள் இல்லை, கேட்டில் ஆரம்பிக்கிறது. உள்ளே வருபவர்கள் எல்லோரும் செல்போனில் ஒப்புதல் வாங்கி வர வேண்டும். சாப்பாடு கொண்டுவரும் பையன்களுக்குத் தனி லிஃப்ட். ‘பேச்சிலர்களுக்கு வாடகைக்கு விடக் கூடாது’ என்று தீர்மானம். ஜாதியை யாரும் கேட்பதில்லை, ‘வெஜிடேரியன்தானே?’ என்று கேட்கிறார்கள். இஸ்திரி வண்டியை வாசலில் நிறுத்த விடவில்லை, அழகு கெடுமாம். கேட்டைத் தாண்டினால் நடைபாதை இல்லாத சாலை, லாரி, புழுதி. ஒரு கட்டு கொத்தமல்லிக்கு ஸ்கூட்டர் எடுக்க வேண்டும் அல்லது செயலியில் தட்ட வேண்டும். எழுபது தாண்டியவர்கள் வளாகத்துக்குள்ளேயே வட்டமடிக்கிறார்கள். போய்ச் சேர ஓர் இடம் இல்லாத நடை, மருத்துவர் சொன்னதற்காக மட்டும் நடப்பது.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் பெரும்பாக்கத்து அடுக்குமாடியிலிருந்து வருகிறார். அடையாற்றங்கரையில் குடிசையில் இருந்தவர், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார். ஒரு நாள் கேட்டேன், “ஓலைக் குடிசை போய் கான்கிரீட் வீடு வந்திருக்கே, நல்லாத்தானே இருக்கு?” என்று. அவர் பாத்திரத்தை விடாமலே சொன்னார்: “வீடு நல்லாத்தான்க்கா இருக்கு. அங்க இருந்தப்ப நாலு வீட்டு வேலைக்கும் நடந்தே போய்டுவேன், பையன் ஸ்கூலு பக்கத்துலயே. இங்க லிஃப்ட் நின்னுச்சின்னா எங்க மாமியார் ஏழாவது மாடியிலயே ஜெயில்ல கெடக்குற மாதிரி.” எங்கள் சங்கக் கூட்டத்தில் இவ்வளவு சுருக்கமாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

எனக்கு வேண்டிய வீட்டைச் சொல்கிறேன். இரண்டு அறை போதும். ஒன்றுக்குக் கட்டாயம் தாழ்ப்பாள். இரண்டாவது மாடிக்கு மேல் வேண்டாம், கரண்ட் போனாலும் இறங்கிவர முடிய வேண்டும். மாடிப்படியில் ஜன்னல். மொட்டை மாடிக்குப் பூட்டு கூடாது, வடாம் காய்ந்தால் கட்டடத்தின் அழகு கெட்டுவிடாது. மழைநீர் இறங்குகிற தொட்டி உண்மையாகவே வேலை செய்ய வேண்டும். 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். எங்கள் வளாகத்தில் அதன் மேல் இப்போது செடித் தொட்டி நிற்கிறது. தெருவில் வேப்பமரமோ புங்கமரமோ நிழல். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தால் ரேஷன் கடை, டீக்கடை, தையல்காரர், கிளை நூலகம், பஸ் நிறுத்தம். பக்கத்து வீட்டில் யார் என்ன சமைக்கிறார்கள் என்பது மூக்குக்குத் தெரியலாம், வாடகை ஒப்பந்தத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. கடைசியாக, வாசலில் திண்ணை. இந்த முறை என் பெரியம்மாவும், வேலைக்கு வரும் பெண்ணும், சாப்பாடு கொண்டுவரும் பையனும் உட்காரக்கூடிய திண்ணை.

இது நடக்காத கற்பனை இல்லை. பெசன்ட் நகரில் வீட்டு வசதி வாரியம் கட்டிய லிஃப்ட் இல்லாத சின்னக் கட்டடங்களைச் சுற்றி, நடந்தே எல்லாம் வாங்குகிற தெருக்கள் இன்றும் இருக்கின்றன. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதையை அகலமாக்கித் திறந்ததும், ‘இந்த வெயிலில் யார் உட்காருவார்கள்?’ என்று கேட்டவர்கள் உண்டு. சாயங்காலம் போய்ப் பாருங்கள். ஜவுளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பாட்டிகள், காதல் ஜோடிகள், ஷிப்ட் முடிந்த கடைப் பெண்கள். உட்கார இடம் கொடுத்தால் சென்னை உட்காரும்.

இடத்தைத் தின்றது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாம்பலத்தில் பழைய வீடுகளை இடித்து அடுக்ககம் கட்டியபோது முதலில் போனது திண்ணை. தூண்கள் மேல் வீடு, தூண்களுக்கு நடுவே கார். தெருவில் நடந்தால் இரு பக்கமும் இரும்புக் கேட், கேட்டுக்குப் பின்னால் பம்பர். அத்தனை வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்தம் என்று கட்டட விதிகள் கணக்குச் சொல்கின்றன, ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் என்று. பெரிய மனைகளில் பூங்காவுக்குப் பத்து விழுக்காடு கேட்கிறார்கள். அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனையில் மனிதர் உட்கார ஓர் அடி விட வேண்டும் என்று எந்த விதியும் கேட்பதில்லை. கேட்காததை எந்த பில்டரும் தரமாட்டார். அவரைக் கோபித்துப் பயனில்லை.

இப்போது அந்த அடுக்ககங்களுக்கும் வயதாகிவிட்டது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டியவை கம்பி துருப்பிடித்து, கூரை பெயர்ந்து நிற்கின்றன. 2022ஆம் ஆண்டு அடுக்கக உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் இடித்துக் கட்டலாம். மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் அசோக் நகரிலும் வீட்டுக்கு வீடு இதே பேச்சு: யூடிஎஸ் என்கிற பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு, கூடுதல் சதுரடி எவ்வளவு, இரண்டாவது கார் நிறுத்தம் உண்டா.

அந்தப் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தெருவை ஒட்டிய முதல் கார் நிறுத்தத்தை விட்டுக்கொடுங்கள். கேட்டுக்கு வெளிப்புறமாக, முட்டி உயரத்தில், ஓரத்தில் சாய்மானத்தோடு ஒரு திண்ணை கேளுங்கள். செங்கல்லும் சிமெண்டும்தான் செலவு. வரைபடம் அனுமதிக்குப் போவதற்கு முன்பே கேளுங்கள். தூண் எழும்பிய பிறகு யாரும் காரை நகர்த்தமாட்டார்கள்.