சும்மா இருக்கிற நேரத்துக்கும் கூலி உண்டு
(கைவேலை நகை செய்வோரும் கண்காட்சிக் கடையும்)

நமது நகரில் உள்ள ஒரு பேன்சி ஸ்டோரில் சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாலை நேரம் பேசிக் கொண்டிருந்தோம். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு சகோதரி அட்டைப் பெட்டியுடன் வந்தார். உள்ளே நாற்பது ஜோடித் தோடுகள். பனியன் கட்டிங் துணியைக் கயிறாக்கி, மணி கோர்த்து, கொக்கி மாட்டியிருந்தார். வேலை சுத்தமாக இருந்தது.

"ஜோடி முப்பது ரூபாய்க்குக் குடுக்கறனுங்ணா" என்றார். கணக்கு எப்படி என்று கேட்டோம். "சாமான் இருபத்திரண்டு ரூபாய் ஆச்சுங்க. மிச்சம் எட்டு ரூபாய் லாபம்."

"உங்க கூலி?"

"வீட்ல சும்மா இருக்கற நேரத்துல பண்றது தானுங்க. அதுக்கென்னங்க கூலி?"

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஒரு ஜோடிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று விசாரித்தோம். இருபத்தைந்து நிமிடம் என்றார். மணிக்கு இரண்டு ஜோடி செய்தால் கையில் நிற்பது பதினாறு ரூபாய். இதே சகோதரி ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனால் ஷிப்ட் சம்பளம் கேட்காமல் இருப்பாரா? ஓவர்லாக், பிளாட்லாக் டெய்லர்கள் பீஸ் ரேட்டில் ஐந்து பைசா குறைந்தாலும் கேள்வி கேட்கிற ஊர் இது. ஒன்றரை ஷிப்ட் என்றால் ஒன்றரை ஷிப்ட் கூலி என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். வீட்டு வாசற்படிக்குள் வந்தவுடன் மட்டும் உழைப்புக்கு விலை இல்லாமல் போய்விடுகிறது.

தோடு, ஜிமிக்கி, பட்டு நூல் வளையல், சுடுமண் மாலை என்று கைவேலை நகை செய்வோர் நமது வட்டாரத்தில் பெருகியிருக்கிறார்கள். சிலர் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். பலர் கண்காட்சிகளில் கடை போட ஆசைப்படுகிறார்கள். நமது சங்க உறுப்பினர்களின் குடும்பங்களிலேயே இத்தகையோர் உண்டு. எனவே இத்தொழிலை வியாபாரக் கண்ணோடு பார்ப்பது நமது கடமையாகும்.

மணி கோர்த்த மண்

இது நமக்குப் புதிய தொழில் அல்ல. திருப்பூரைக் கடந்து கிழக்கே ஓடும் அதே நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே, கொடுமணல் என்ற சிற்றூர் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேசப்படும் ஊர் இதுவே என்பர். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர் பிற நிறுவனங்களும் இங்கே அகழாய்வு நடத்தின. பெரில், படிகம், சூதுபவளம், செவ்வந்திக்கல் ஆகியவற்றில் செய்த மணிகள் கிடைத்தன. முடிந்த மணிகள் மட்டுமல்ல. அரைகுறையாக நிறுத்திய மணிகளும், கழித்துப் போட்ட கற்சில்லுகளும் கிடைத்தன. அதனால்தான் இவ்வூர் மணிகளை வாங்கி விற்ற ஊர் மட்டுமல்ல, பட்டறைகள் இயங்கிய ஊர் என்று ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். நூல் நூற்கும் தக்களி வில்லைகளும் அங்கே கிடைத்துள்ளன. நூலும் மணியும் அன்றே அக்கம்பக்கமாக இருந்திருக்கின்றன.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பெரில் கல் காங்கயத்தை அடுத்த படியூர்ப் பகுதியில் கிடைக்கக் கூடியது. ஆனால் சூதுபவளம் குஜராத்துப் பக்கமிருந்தும், நீலநிற லாபிஸ் லசுலி ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. சரக்கை வெளியூரிலிருந்து தருவித்து, வெட்டி, தேய்த்து, துளையிட்டு விற்றார்கள் என்றால், கல்லுக்கு மதிப்பைக் கூட்டியது கைவேலையே. வேறிடத்துப் பஞ்சை நூலாக வாங்கி, பின்னி, சாயமேற்றி, தைத்து, 1970-களின் இறுதியில் இத்தாலிக்கு அனுப்பத் தொடங்கிய திருப்பூரும் செய்தது அதைத்தான்.

இன்னொரு செய்தியும் உண்டு. ரோமானிய அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் இந்திய பெரில் கற்களைப் புகழ்ந்து எழுதினார். அதே இடத்தில், இந்தியர்கள் படிகத்துக்குச் சாயமேற்றிப் போலி பெரில் செய்கிறார்கள் என்றும் எழுதி வைத்துவிட்டார். இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அந்த வரி அழியவில்லை. வியாபாரத்தில் நற்பெயர் எவ்வளவு நாள் நிற்குமோ அவ்வளவு நாள் கெட்ட பெயரும் நிற்கும்.

சரக்கும் தரமும்

நமது ஊரில் இத்தொழிலுக்குச் சாதகமான சரக்கு கட்டிங் வேஸ்ட். சிங்கிள் ஜெர்சி துணியை ஓர் அங்குலப் பட்டையாகக் குறுக்கு வாக்கில் வெட்டி இழுத்தால் இரண்டு ஓரமும் சுருண்டு கயிறாகிவிடும். ரிப், இன்டர்லாக் துணிகள் இப்படிச் சுருளா. இந்த வித்தியாசம் திருப்பூர்ப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் சாயம் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. கழுத்து வியர்வையில் சாயம் இறங்கினால் வாங்கியவரின் ரவிக்கை பாழாகும். கம்பெனிகளில் செய்வது போலவே ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, கறை பிடித்தால் அந்த லாட்டை ஒதுக்கிவிட வேண்டும்.

வளையல் செய்வோர் 2.4, 2.6, 2.8 என்று மூன்று அளவிலாவது செய்ய வேண்டும். சைஸ் ரேஷியோ பார்க்காமல் பனியன் பேக்கிங் செய்கிறோமா? ஒரே அளவில் நூறு வளையல் செய்தால், பிடித்திருந்தும் கைக்குச் சேராமல் திரும்புகிற வாடிக்கையாளரே அதிகம்.

கொக்கி, வளையம், திருகாணி ஆகியவற்றில் மிச்சம் பிடிக்கக் கூடாது. நிக்கல் கலந்த மட்டமான கொக்கியால் காது புண்ணாகிறவர்கள் பலர். தோலில் படும் பொருள்களில் வெளியாகும் நிக்கலுக்கு ஐரோப்பிய நாடுகள் 1994-லேயே வரம்பு விதித்தன. நகைகளில் காட்மியத்துக்கு 2011-ல் தடை வந்தது. அதே 1994-ல் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தபோது நமது ஏற்றுமதியாளர்கள் பட்ட பாடு மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். கொக்கியை விற்பவரிடம் 'நிக்கல் இல்லாததா' என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

உதாரணக் கணக்கு

அந்தச் சகோதரியின் தோட்டையே எடுத்துக் கொள்வோம். சாமான் 22 ரூபாய். சேதாரம் 3. அட்டை, கவர் 5. கூலி மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தாலும் இருபத்தைந்து நிமிடத்துக்கு 25. ஆக அடக்கம் 55 ரூபாய். முப்பதுக்குக் கொடுத்தால் ஜோடிக்கு 25 ரூபாய், அதாவது அவருடைய கூலி முழுவதும், கரைந்து போகிறது. சாமான், சேதாரம், அட்டைக்கே முப்பது ரூபாய் ஆகிவிடுகிறது.

கடைக்கு 65 ரூபாய்க்குக் கொடுக்கட்டும். கடைக்காரர் 100-க்கு விற்கட்டும். வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம் எல்லாம் கடைக்காரரின் 35 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். இருவருக்கும் நியாயம்.

இனிக் கண்காட்சிக்கு வருவோம். மூன்று நாள் ஸ்டால் வாடகை, வண்டி, சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய் என்று கொள்வோம். 300 ஜோடி விற்றால் ஜோடிக்கு 20 ரூபாய் செலவு விழும். அடக்கம் 75. நூறுக்கு விற்றால் 25 மிச்சம். 150 ஜோடிதான் விற்றது என்றால் செலவு ஜோடிக்கு 40. அடக்கம் 95. மிச்சம் ஐந்தே ரூபாய். 134-க்குக் கீழே போனால் கையை விட்டுப் போகும். ஸ்டாலுக்குப் பணம் கட்டுமுன் இந்தக் கணக்கைப் போட வேண்டும். திரும்பி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கண்காட்சியில் கூட்டத்தைக் கண்டதும் கடை விலையான 65-க்கே கூவி விற்கக் கூடாது. மறுவாரம் அதே தோட்டைக் கடைக்காரர் எப்படி 100-க்கு விற்பார்? கடையிலும் கண்காட்சியிலும் சில்லறை விலை ஒன்றாகவே இருக்க வேண்டும். நம்பிக்கை கெட்டால் அடுத்த ஆர்டர் வராது.

ஸ்டாலுக்குப் போகுமுன்

நாம் கண்காட்சிகளில் கண்டும், கடை போட்டவர்களிடம் கேட்டும் அறிந்தவை:

1. சரக்கை மூன்று விலைப் பிரிவாகப் பிரியுங்கள். கூட்டத்தை நிறுத்துவது குறைந்த விலைத் தோடு. லாபம் தருவது நடுத்தர விலை. பெயர் வாங்கித் தருவது விலை கூடிய நான்கைந்து உருப்படிகள்.

2. ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டு இருக்கட்டும். விலை கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்து விடுவோர் ஏராளம்.

3. முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாத நகைக் கடை கடையே அல்ல. பெரிதாக ஒன்று, கையில் பிடிக்கச் சிறிதாக ஒன்று வையுங்கள்.

4. மணிகள் வெளிச்சத்தில்தான் பேசும். ஸ்டாலில் விளக்கு உண்டா, பிளக் உண்டா என்று முன்பே கேளுங்கள். நீளமான ஒயரும் கொண்டு போங்கள்.

5. குறடு, உபரிக் கொக்கி, கியர் ஒயர், கத்தரி ஆகியவை பக்கத்தில் இருக்கட்டும். கண்ணெதிரே கொக்கி மாற்றிக் கொடுத்தால், கைவேலை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

6. க்யூ.ஆர். அட்டையும் வேண்டும், சில்லறையும் வேண்டும். கூட்டத்தில் போன் சிக்னல் கிடைக்காமல் போவது வழக்கம்.

7. இரண்டு பேர் போங்கள். ஒருவர் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில்தான் மொத்த ஆர்டர்காரர் வருவார்.

8. அன்றன்று விற்றதை அன்றிரவே எழுதுங்கள். எது விற்றது, எது தொட்டுப் பார்த்து வைக்கப்பட்டது என்ற குறிப்பே அடுத்த கண்காட்சிக்கு மூலதனம்.

முதலிலேயே தூர ஊருக்குப் போக வேண்டாம். கல்லூரிச் சந்தை, மகளிர் குழுக் கண்காட்சி போன்ற சிறிய இடங்களில் பழகுங்கள். சுய உதவிக் குழுவில் இருப்போர் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் 'மதி' விற்பனை வாய்ப்புகளையும், கைவினைஞர்கள் 1973-ல் தொடங்கிய பூம்புகார் நிறுவனத்தையும் அணுகலாம். மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு வெளிமாநிலக் கண்காட்சிகளில் இடம் கேட்க வழி பிறக்கும். 1987 முதல் நடக்கும் சூரஜ்குண்ட் மேளா போன்றவை அதற்கு அடுத்த படி.

சட்டத்துக்கு உட்பட்டு

சாயல் நகைக்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம். கைவினைப் பொருளை வெளிமாநிலத்தில் விற்பவர், ஆண்டு விற்றுமுதல் 20 லட்ச ரூபாய்க்குள் இருந்தால், பதிவு பெறாமலே விற்கச் சலுகை உண்டு. கையால் செய்த சாயல் நகையும் அப்பட்டியலில் இருக்கிறது. ஆனால் பான் எண் வேண்டும். சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் மாநில எல்லையைத் தாண்ட இ-வே பில் எடுக்க வேண்டும். இந்த நிபந்தனை தெரியாமல் மாட்டிக் கொள்ள வேண்டாம். புறப்படுமுன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

'ஒரு கிராம் தங்கம்' என்று சொல்லி முலாம் பூசியதை விற்கும் பழக்கம் நம்மிடையே புகுந்திருக்கிறது. 2021 ஜூன் முதல் தங்க நகைக்கு ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. முலாம் என்றால் முலாம் என்றே சொல்லுங்கள். கண்ணாடி மணியைக் கண்ணாடி மணி என்றே சொல்லி விற்பவரிடம் வாடிக்கையாளர் திரும்பி வருவார். பிளினியின் வரி நமக்குப் பாடமாகட்டும்.

நமது பங்கு

செய்பவர்களுக்கு இவ்வளவு சொன்ன நாம், நம்மையும் கேட்டுக் கொள்ள வேண்டும். "வைத்துவிட்டுப் போங்கம்மா, விற்றால் பணம் தருகிறோம்" என்று சொல்லாத கடைக்காரர் நம்மில் எத்தனை பேர்? பெட்டியைப் பரணில் போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து, தூசி படிந்த சரக்கைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் குடும்பத்தின் முதல் முடங்கிப் போகிறது. பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு, எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெரிய கம்பெனி பணம் தாமதித்தால் ஜாப் ஒர்க் செய்பவர் என்ன பாடுபடுகிறார் என்று அறியாதவர்களா நாம்?

வைப்புச் சரக்காக வாங்கினால் ஒரு சீட்டில் எண்ணிக்கை, விலை, கணக்கு முடிக்கும் தேதி மூன்றும் எழுதி இருவரும் கையெழுத்திடுவோம். முதல் லாட்டாகப் பத்து ஜோடியையாவது ரொக்கத்துக்கு வாங்குவோம்.

அன்றைக்கு அந்தச் சகோதரியின் பெட்டியிலிருந்த நாற்பது ஜோடியையும் கடைக்கார நண்பர் 65 ரூபாய் வீதம் ரொக்கம் கொடுத்து எடுத்துக் கொண்டார். மொத்தம் 2,600 ரூபாய். சகோதரி இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஜாஸ்தியா குடுத்துட்டீங்களாட்டம் இருக்குதுங்ணா" என்றார்.

"இல்லீங்க. அதுல ஆயிரம் ரூபாய் உங்க கூலி" என்றார் நண்பர்.