கடற்கரைக்கு அழைக்கும் சம்பந்திகள்

ஓகஸ்ட் பிறந்தால் பாரிசில் பாண் கடைகள்கூட விடுமுறை அறிவித்தல் ஒட்டிவிட்டுக் கதவைச் சாத்தும். பிரெஞ்சுக் குடும்பங்கள் பல கடலை நோக்கிப் புறப்பட்டுவிடும். அந்த நாட்களில் எமது வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. இங்கே வளர்ந்த மகள் வந்து, "அவரின்ரை அம்மா அப்பா பிரெத்தாஞ் பக்கம் கடற்கரை வீட்டிலை ஒரு கிழமை நிக்க வரச் சொல்லினம். போகட்டோ?" என்று கேட்கிறாள். துணையின் குடும்பத்தை அவள் பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை. மறுமொழி சொல்ல முன்னர், அந்த அழைப்பின் பொருளை நாம் விளங்கிக்கொள்வது நல்லது.

பிரான்சில் கடற்கரை விடுமுறை என்பது வெறும் ஊர் சுற்றல் அல்ல. 1936இல் லெயோன் புளூமின் அரசாங்கம் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு கிழமை விடுமுறையைச் சட்டமாக்கியது. அதுவரை வசதி படைத்தவர்களின் இடமாக இருந்த கடற்கரைக்கு, அந்தக் கோடையிலேயே சாதாரண குடும்பங்களும் ரயில் ஏறத் தொடங்கின. 1982இல் விடுமுறை ஐந்து கிழமையானது. இன்று பல குடும்பங்கள் ஆண்டுதோறும் அதே ஊருக்கு, சில வேளை அதே வீட்டுக்குப் போகின்றன. பாட்டி, பெரியப்பா, மச்சான்மார் எல்லோரும் கூடுவது அங்கேதான். அந்த வீட்டுக்குள் ஒருவரை அழைப்பது, குடும்பத்துக்குள் அழைப்பதற்கு ஒப்பானது.

எமது வழக்கத்தில் இரு வீட்டாரின் முதல் சந்திப்பு விறாந்தையில் நடக்கும். தேத்தண்ணி, பலகாரம், ஊர் விசாரிப்பு, இரண்டு மணித்தியாலத்தில் எழும்பிவிடுவோம். பேசுவது பெரியவர்கள், பிள்ளைகள் தலையாட்டினால் போதும். இங்கே பிள்ளைதான் பேச வேண்டும், ஒரு கிழமை முழுக்கக் கூட இருக்கவும் வேண்டும். சாதி, சீதனம், குறிப்பு எதையும் அவர்கள் கேட்கமாட்டார்கள். ஆனால் காலையில் எழும்பி மேசை வைக்க உதவுகிறாளா, சின்னப் பிள்ளைகளோடு விளையாடுகிறாளா, தன் கருத்தைச் சொல்கிறாளா என்பதைக் கவனிப்பார்கள். எமது வீட்டில் மரியாதை என்று பழக்கிய மௌனத்தை அங்கே விலகல் என்று எடுத்துக்கொள்ளக் கூடும்.

சில சிறிய விடயங்களை முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கலாம். கன்னத்தோடு கன்னம் வைத்து வணக்கம் சொல்வார்கள். மாமா, மாமி என்ற முறை அங்கே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் கூப்பிடலாம். 'வூ' என்று மரியாதையாகத் தொடங்கி, அவர்கள் சொன்ன பிறகு 'தூ' என்று மாறுவது நல்லது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் 'அப்பெரோ' என்று குடிவகையும் கொறிப்பும் வரும். குடிக்காதவர் பழச்சாறு கேட்டால் குறையில்லை. மாட்டிறைச்சியோ சிப்பியோ சாப்பிடாவிட்டால் போகுமுன்னே சொல்லிவிட வேண்டும். சமைத்து வைத்த பிறகு தட்டை ஒதுக்குவதுதான் சங்கடம். வெறுங்கையோடு போகாமல் லாச்சப்பலில் நல்ல தேயிலை வாங்கிக்கொண்டு போகலாம். ஒரு நாள் நாங்கள் சமைக்கிறோம் என்று சொன்னால் இன்னும் சிறப்பு. வெயிலில் படுத்துக் கறுப்பது அவர்களுக்கு ஆசை. "கறுத்துப் போவாய்" என்ற எமது எச்சரிக்கை அங்கே யாருக்கும் விளங்காது. நீச்சல் உடை பிடிக்காவிட்டால் ரீசேட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு கடலில் நனையலாம்.

இன்னொரு விடயத்தை மூடி மறைத்துப் பயனில்லை. அந்த வீட்டில் இருவருக்கும் பெரும்பாலும் ஒரே அறையைத்தான் ஆயத்தப்படுத்தியிருப்பார்கள். எமது பெற்றோரில் பலருக்கு இது ஏற்க முடியாதது. மகனுக்கு விட்டுக்கொடுப்பதை மகளுக்கு மறுக்கும் வழக்கமும் எம்மிடம் உண்டு. பதினெட்டு வயது கடந்த பிள்ளையின் முடிவு அவளுடையது. ஆனாலும் அவள் அனுமதி கேட்டு வந்து நிற்கிறாள் என்றால், எமது சொல்லுக்கு இன்னும் இடம் வைத்திருக்கிறாள் என்பதே பொருள். தனி அறை வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்கலாம். அதை யாரும் அவமதிப்பாக எடுக்கப் போவதில்லை. கத்திச் சண்டை பிடித்தால் அடுத்த முறை சிநேகிதியோடு போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போவாள். எங்கே நிற்கிறாள் என்று தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்திருப்பது மேல்.

கடல் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் கடல் வற்றுவதும் பெருகுவதும் ஒரு மீற்றருக்கும் குறைவு. பிரெத்தாஞ் கரையில் சென்மாலோவில் பெரிய வற்றுப்பெருக்கின்போது அது 12 மீற்றரையும் தாண்டும். காலையில் நடந்துபோன திட்டு மத்தியானம் தண்ணீருக்குள் இருக்கும். நீர்மட்ட நேர அட்டவணையைப் பார்க்காமல் அங்கே யாரும் தூரம் போவதில்லை. சிவப்புக் கொடி ஏறினால் குளிக்கத் தடை. எமது பிள்ளைகளில் நீந்தத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். அதை முதல் நாளே சொல்வதில் வெட்கமில்லை.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான ஒன்று இருக்கிறது. "தீவிலிருந்து வந்தவர்கள், உங்களுக்குக் கடல் நிறையப் பிடிக்குமே" என்று அந்தக் குடும்பம் அன்போடு கேட்கும். எமது பிள்ளை என்ன சொல்வாள்? 1990களில் இருந்து உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்ட மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் திறக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எமது சனம் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணலில் நெருக்கப்பட்டது. இரவில் படகேறி இந்தியக் கரைக்குப் போனவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். கடலைப் பார்க்கவே விரும்பாத தாய்மாரும் இருக்கிறார்கள்.

இவற்றைப் பிள்ளை முதலில் எம்மிடமிருந்து கேட்க வேண்டும். இணையத்தில் படித்தோ, பிறர் கேட்ட கேள்வியில் தடுமாறியோ அல்ல. எவ்வளவு சொல்வது, யாரிடம் சொல்வது என்பதை அவள் தீர்மானிக்கட்டும். சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் கொட்டத் தேவையில்லை. கரையோரம் நடக்கும்போது இரண்டு வசனம் போதும்.

துயரத்தை மட்டும் கொடுத்து அனுப்பவும் கூடாது. காரைநகர் கசூரினாவின் ஆழம் குறைந்த தண்ணீர், வற்றாப்பளை அம்மனுக்குக் கடல் நீரில் ஏற்றும் விளக்கு, இவையும் எமது கடல்தான். அவர்கள் விடுமுறைக்குக் கடலுக்குப் போகும் யூலை, ஓகஸ்ட் காலத்தில்தான் ஆடி அமாவாசையும் வருகிறது. அன்று கீரிமலையில் பிள்ளைகள் கடலில் தோய்ந்து, இறந்த தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்வார்கள். குடும்பம் ஆண்டுக்கொரு தடவை கடலுக்குப் போகும் வழக்கம் எமக்கும் உண்டு என்பதை அந்தப் பாட்டி உடனே விளங்கிக்கொள்வார்.

பிள்ளை திரும்பி வந்ததும் எமது முறை வருகிறது. ஒரு கிழமை எமது பிள்ளைக்குச் சாப்பாடு போட்டவர்களுக்கு நன்றி சொல்லி ஓர் அழைப்பு எடுக்கலாம். எமது பிரெஞ்சு உடைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. செப்ரெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம். சம்மதமா இல்லையா என்பது பிறகு பேசும் கதை. ஆட்களைத் தெரிந்துகொண்டு பேசினால் அந்தக் கதை நியாயமானதாக இருக்கும்.