மின்சார சைக்கிள்: விலையும் பயனும்

சைக்கிள் நமது கிராமங்களில் உழவர்களுக்கு உற்ற துணையாக இருந்து வருகிறது. சங்கத்திற்குப் பால் கொண்டு செல்வதும், வயலுக்கு உரமூட்டை எடுத்துச் செல்வதும் அதன் உதவியாலேயே எளிதாயின. எனினும், எதிர்க்காற்றிலும் மேட்டுப் பாதையிலும் சுமையுடன் மிதிப்பது வயது முதிர்ந்தோர்க்கு இயலாத காரியம். இக்குறையை நீக்க வந்ததே சிறிய மோட்டாரும் பாட்டரியும் பொருத்திய மின்சார சைக்கிள். இதில் புதிய மாதிரிகள் அடிக்கடி கடைக்கு வருகின்றன; அவற்றின் விலையும் பலவாறாக உள்ளது. இவற்றுள் நமக்கு ஏற்றது எது என்பதை ஆராய்வோம்.

சட்டம் கூறுவது

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் சக்தி 250 வாட்டிற்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு, உரிய பரிசோதனை நிலையத்தின் அங்கீகாரம் பெற்ற மின்சார சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே, அதற்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டுவதில்லை. "வேகத்தைக் கூட்டித் தருகிறோம்" என்று கூறுவோரின் பேச்சை நம்பலாகாது. வேகத்தைக் கூட்டிய சைக்கிள் இச்சலுகையை இழந்துவிடும்; விபத்து நேரிடின் அதன் சுமை உரிமையாளரையே சாரும்.

பாட்டரியை அளப்பது எங்ஙனம்?

பாட்டரியின் மீது வோல்ட், ஆம்பியர்-மணி என இரண்டு எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். இவ்விரண்டையும் பெருக்கினால் அதன் கொள்ளளவு வாட்-மணியில் கிடைக்கும். 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி எனில் 270 வாட்-மணி. 1,000 வாட்-மணி என்பது ஒரு யூனிட். எனவே, இப்பாட்டரியை ஒருமுறை நிரப்ப, சேதாரம் உட்பட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு யூனிட் போதும். சமதரையில் நாமும் மிதித்துச் சென்றால் கிலோமீட்டருக்கு 8 வாட்-மணி அளவிலும், மிதிக்காமல் சென்றால் 12 முதல் 15 வாட்-மணி வரையிலும் செலவாகும். சுமை ஏறினால் செலவும் ஏறும்.

பாட்டரியின் வகையும் கவனிக்கத் தக்கது. பழைய மாதிரிகளில் காணப்படும் ஈய-அமில பாட்டரி விலை மலிவு. ஆனால் எடை மிகுதி, ஆயுள் குறைவு. புதிய மாதிரிகளில் லித்தியம் பாட்டரி உள்ளது. அதிலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை சற்றுக் கனமாயினும், வெப்பத்தைத் தாங்கி நெடுநாள் உழைக்கும்.

மோட்டாரும் பிறவும்

சக்கரத்தின் நடுவில் அமைந்த மோட்டார் எளியது. சமவெளிக் கிராமங்களுக்கு அதுவே போதும். மிதியடியின் அருகே அமைந்த மோட்டார் மலைப்பாதைக்கு ஏற்றது. ஆயின் விலை அதிகம், சங்கிலியும் விரைவில் தேயும். காலின் அழுத்தத்தை உணர்ந்து அதற்கேற்பச் சக்தி தரும் அமைப்பு விலை உயர்ந்த மாதிரிகளில் உண்டு. இது பாட்டரியைச் சிக்கனமாகச் செலவிடும். கைப்பேசியுடன் இணையும் திரையைவிட, உறுதியான பின்தட்டும் நல்ல பிரேக்கும் உழவருக்கு முக்கியம்.

ஒரு கணக்கு

உதாரணமாக, 25,000 ரூபாய் விலையில் 216 வாட்-மணி பாட்டரியுள்ள சைக்கிளையும், 35,000 ரூபாய் விலையில் 432 வாட்-மணி பாட்டரியுள்ள சைக்கிளையும் எடுத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி செலவென்றும், பாட்டரி 500 முறை நிரப்பும் வரை உழைக்குமென்றும் கொண்டால், முதலாவது 10,800 கிலோமீட்டரும் இரண்டாவது 21,600 கிலோமீட்டரும் ஓடும்.

நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் வீதம், ஆண்டில் 300 நாள் செல்லும் பால்காரருக்கு, முதல் சைக்கிளின் பாட்டரி இரண்டாண்டு முடிவதற்குள் தேய்ந்துவிடும். புதிய பாட்டரி 12,000 ரூபாய் எனில், மொத்தச் செலவு 37,000 ரூபாய். மலிவென்று வாங்கியதே அவருக்கு அதிக விலையாயிற்று! ஆனால், நாள்தோறும் 6 கிலோமீட்டர் மட்டும் செல்பவருக்கு முதல் சைக்கிளே போதும். கூடுதலாகக் கொடுக்கும் 10,000 ரூபாய் அவருக்கு வீண். ஆகவே, விலையைக் கேட்பதற்கு முன், நாம் தினமும் செல்லும் தூரத்தைக் கணக்கிட வேண்டும்.

பஞ்சாயத்தார் கவனத்திற்கு

பணியாளர்களுக்காக வாங்கும்போது ஒரே மாதிரியாக வாங்குவது நலம்; பாட்டரிகளை மாற்றிப் பயன்படுத்தலாம். பழுது பார்க்கும் வசதி அருகில் உள்ளதா என விசாரித்து, பாட்டரிக்கான உத்தரவாதத்தை எழுத்தில் பெற வேண்டும். சுமையேற்றி ஓட்டிப் பார்த்த பின்னரே பணம் கொடுத்தல் தகும்.

சைக்கிளுடன் வந்த சார்ஜரையே பயன்படுத்துக. வைக்கோற்போர் அருகிலும், ஆள் இல்லாத வேளையிலும் மின்னேற்றம் செய்யலாகாது. தேய்ந்த பாட்டரியைக் குளத்திலோ குப்பையிலோ எறியாமல் விற்றவரிடமே சேர்ப்பிக்க வேண்டும். அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன. இவற்றை அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் எடுத்துரைத்தால், பலரது பொருள் வீணாகாமல் காக்கப்படும்.